பூஜ்யத்தில் நின்ற திருகு

"செல்போனையெல்லாம் இந்தத் தட்டுல வச்சிட்டு உள்ள போங்க. ஆம்ப் பக்கத்துல போன் இருந்தா அதுவும் சேர்ந்து கத்தும்" என்றான் ஒலிப்பதிவாளன் சவுண்டு.

ஒலிப்பதிவுக் கூடங்களில் உள்ள வழக்கம்தான். அண்ணி மறுபேச்சில்லாமல் தன் போனைத் தட்டில் வைத்தாள். மெக்கானிக்கும் வைத்தான். கொழுந்தன் மட்டும் தன் போனை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு வைத்தான்.

"பத்திரமா பாத்துக்குங்க சார். என்னை நம்பி இருக்கிற ஒரே ஜீவன்."

அண்ணியின் தொழில் துப்பறிவது. ஊரே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அப்படிக் கூப்பிட நிஜமான உரிமை உள்ளவன் அவள் கணவனின் தம்பி ஒருவன்தான். எந்த வேலையிலும் நிலைக்காததால் அவன் அவளுக்கு உதவியாளன். மெக்கானிக் திருடன். குறைந்தபட்சம் நேற்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவனுக்கு அதுதான் பெயர்.

விஷயம் இவ்வளவுதான். கூடத்தின் வரவேற்பறையில், கண்ணாடி அலமாரிக்குள், முதலாளியின் தகப்பனார் வாசித்த கிடார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று மத்தியானம் முதலாளி வெளியே போகும்போது இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது ஆணி மட்டும் இருந்தது. அந்த நேரத்தில் கட்டடத்திலேயே, வரவேற்பறைக்குக் கீழ்த்தளத்தில், இருந்தவர்கள் மூன்று பேர். பாட்டு அறையில் ஒரு பாட்டு டீச்சர், வெளியிலேயே வராமல் சாதகம் செய்துகொண்டிருந்தாள். கிடார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இரைச்சல் போட, அதைச் சரி செய்ய வந்த மெக்கானிக், மாற்று வால்வு வாங்கக் கடைக்குப் போய்விட்டேன் என்கிறான். ஒலிப்பதிவாளன் சவுண்டு, மத்தியானம் முழுக்க ஆம்ப் அறைக்குள் ஆம்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன் என்கிறான்.

கடைக்காரருக்கு மெக்கானிக்கின் முகம் ஞாபகம் இருந்தது, நேரம் ஞாபகம் இல்லை. சவுண்டு சம்பளத்துக்கு இருப்பவன். மெக்கானிக் கூப்பிட்டால் வருபவன். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று சாயங்காலம் முதலாளி வந்ததும் போலீசுக்குப் போன் செய்வதாக ஏற்பாடு. காலையிலேயே மெக்கானிக்கின் மனைவி அண்ணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள்.

ஆம்ப் அறை சின்னது. ஜன்னல் இல்லை. நான்கு சுவரிலும் கூரையிலும் கறுப்புப் பஞ்சுப் பலகை. கதவு ஒரு சாண் தடிமன். பேசினால் வார்த்தை வாயை விட்டு வெளியே வந்ததும் செத்து விழுந்தது.

"அண்ணி, எனக்கே என் ஜோக் கேக்கல."

"நல்ல அறை" என்றாள் அண்ணி.

மேஜை மேல் ஆம்ப் இருந்தது. பின்பக்கப் பலகையைக் கழற்றியதும் வரிசையாகக் கண்ணாடிக் குமிழ்கள்: சின்னது மூன்று, பெரியது இரண்டு. கிடார்க்காரர்கள் அவற்றை ட்யூப் என்பார்கள், மெக்கானிக்குக்கு வால்வு. ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டி மட்டும் இங்கே இல்லை. அது அடுத்த அறையில், அதாவது டீச்சரின் பாட்டு அறையில், மைக் முன்னால் நின்றது. சுவருக்குள் ஒயர் போயிற்று. மெக்கானிக் தன் பையிலிருந்து சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து ஆம்பின் முதுகில் இருந்த இன்னொரு துளையில் செருகினான்.

"இப்ப அங்க கேக்கிறது இங்கயும் கேக்கும்" என்றான்.

சுவிட்சைப் போட்டான். குமிழ்களுக்குள் மெல்ல ஆரஞ்சு நிறம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் வந்தது. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி கரகர, படபட.

"நேத்து காலைல என்னைக் கூப்பிட்டப்பவும் இதே சத்தம்தான். சவுண்டே போன்ல கேக்க வச்சான்."

"ஆமா, இல்லேங்கலையே" என்றான் கதவோரம் நின்ற சவுண்டு.

அண்ணி அவனைப் பார்த்தாள். "நேத்து மத்தியானம் இந்த ஆம்ப் ஓடிட்டே இருந்துச்சுங்கறீங்க. ஆனா ஸ்பீக்கர் பக்கத்துல உக்காந்திருந்த டீச்சர், ஒரு சத்தமும் வரல, நிம்மதியா பாடினேன்னு சொல்றாங்க."

"அதான் காலைலயே சொன்னேனே மேடம். வால்யூமைப் பூஜ்யத்துல வச்சிருந்தேன்."

"நான் கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னீங்க. துணிக்கடையில நாம வாயே திறக்கல, அதுக்குள்ள சாயம் போகாதுன்னு சொல்வாங்க பாருங்க, அந்த மாதிரி." மெக்கானிக்கின் பக்கம் திரும்பினாள். "கொஞ்சம் வால்யூமைக் குறைங்க. முழுசா."

மெக்கானிக் திருகை இடதுபக்கம் கடைசிவரை திருப்பினான்.

கரகர. படபட.

ஒரு நூல் குறையவில்லை.

"தம்பி, திருகு எங்க நிக்குது?"

கொழுந்தன் குனிந்து பார்த்தான். "பூஜ்யத்துல அண்ணி. என் கணக்குப் பேப்பர்ல நின்ன அதே பூஜ்யம்."

மெக்கானிக்குக்கு இப்போதுதான் உறைத்தது. "ஐயோ! முதல் வால்வுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுலதான் வால்யூம் திருகு. கோளாறு அதுக்கு முன்னாடி இருந்தா திருகைக் குறைச்சா சத்தமும் குறையும். இது திருகுக்குப் பின்னாடி இருக்கிற வால்வு. பூஜ்யத்துல வச்சாலும் கத்தத்தான் செய்யும்!"

"அப்ப நேத்து இது ஓடியிருந்தா டீச்சருக்குக் கேட்டே இருக்கணும். கேக்கலேன்னா ஓடல. ஓடலேன்னா நம்ம சவுண்டு இந்த அறையிலேயே இல்ல" என்றபடி அண்ணி கதவுப் பக்கம் திரும்பினாள்.

சவுண்டு இப்போதும் அந்த அறையில் இல்லை.

கதவு மூடியிருந்தது. மூடிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல கதவு.

கொழுந்தன் போய்த் தள்ளினான். அசையவில்லை. கைப்பிடியைத் தேடினான். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள் இருந்தன.

"அது கழண்டு ரொம்ப நாளாச்சு. வெளியிலதான் தாழ்ப்பாள். யாராவது உள்ள இருந்தா கதவைத் திறந்தே வைப்பாங்க" என்றான் மெக்கானிக்.

சுவரில் இருந்த சின்ன ஒலிபெருக்கி உயிர் பெற்றது. சவுண்டின் குரல் மிக மரியாதையாக வந்தது. "மேடம், தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சு. ஆள் கூட்டிட்டு வர்றேன். பயப்படாதீங்க."

அதன்பின் அது செத்தது. கூடவே ஏசியும் நின்றது. அதன் சுவிட்ச் வெளியே இருந்தது.

மூன்று பேரும் கத்தினார்கள். கொழுந்தன் கதவை உதைத்தான். பஞ்சுப் பலகைகள் அத்தனையையும் தின்றுவிட்டு இன்னும் கொண்டா என்பது போலச் சும்மா இருந்தன.

"இப்ப அவன் என்ன பண்ணுவான்னு நினைக்கறீங்க?" மெக்கானிக்கின் நெற்றியில் வியர்வை கோத்துக்கொண்டு நின்றது.

அறையில் இருந்த ஒரே ஸ்டூலில் அண்ணி உட்கார்ந்தாள். "நான் அவனா இருந்தா வரவேற்பறைக்குப் போவேன். முதலாளி வந்ததும், 'விசாரணை பாதியில மெக்கானிக் பின்பக்கப் படி வழியா ஓடிட்டான், அந்தம்மாவும் பையனும் துரத்திக்கிட்டுப் போயிருக்காங்க'ன்னு சொல்வேன். ஓடினவன்தான் திருடன்னு முதலாளியே முடிவு பண்ணிப்பார். போலீசும் வெளியிலதான் தேடும். எல்லாரும் வெளிய ஓடற சந்துல கிடாரைக் கைமாத்திட்டு, ராத்திரி வந்து, 'அடடா, உள்ளயா இருந்தீங்க'ன்னு கதவைத் திறந்து விடுவேன்."

"ராத்திரியா?" என்றான் மெக்கானிக். "அதுக்குள்ள என் பேரு ஊர் பூரா நாறிடும். அதுக்கப்புறம் எவன் வீட்டுக்குள்ள என்னை விடுவான்? வீட்டுக்குள்ள விட்டாத்தானே எனக்குப் பொழப்பு!"

அவன் எழுந்து கதவில் தோளால் மோதினான். மறுபடி மோதினான். மூன்றாவது தடவை மோதியபின் அங்கேயே சரிந்து உட்கார்ந்துகொண்டான்.

அறை சூடேறியது. ஐந்து வால்வும் ஐந்து சின்ன அடுப்பு. மூன்று பேரின் மூச்சும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றி வந்தது. கொழுந்தன் சட்டைப் பித்தானைக் கழற்றினான்.

"அந்த ஆம்பையாவது அணைங்கண்ணே. நம்மள வேக வைக்கறதுக்கு இதுவும் ஒத்தாசையா?"

மெக்கானிக் கை நீட்டினான். அண்ணி தடுத்தாள்.

"இருங்க. இந்த அறையில இருந்து எது வெளிய போகுது? காத்துப் போகல. குரல் போகல. ஒண்ணே ஒண்ணு போகுது."

மெக்கானிக் ஆம்பின் முதுகைப் பார்த்தான். சுவருக்குள் நுழைந்த ஒயரைப் பார்த்தான். "ஸ்பீக்கர் ஒயர்! ஆனா மேடம், பாட வைக்க இங்க கிடார் இல்ல, மைக் இல்ல. மாட்டற ஒயரைக்கூட அவன் விட்டு வைக்கல. இந்தக் கரகரப்பு மட்டும்தான் போகும். அது சுவிட்சைப் போட்டதுல இருந்து போயிட்டேதான் இருக்கு. டீச்சர், ரிப்பேர் நடக்குதுன்னு நினைச்சுட்டுப் பாடிட்டே இருப்பாங்க."

"ரிப்பேர் மாதிரி இல்லாத சத்தம் ஒண்ணு வேணும். வால்வுலேயே வராதா?"

மெக்கானிக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான்.

"வரும்! பழைய வால்வுக்குள்ள தகடு தளர்ந்து போயிருந்தா, தட்டினா மணி மாதிரி அடிக்கும். அந்த மணி ஸ்பீக்கர்ல கேக்கும். கிடார்க்காரங்களுக்கு அது பெரிய தலைவலி. ஆனா முதல்ல இந்தக் கரகரப்பை நிறுத்தணும். இந்த இரைச்சல்ல மணி அடிச்சா யாருக்குக் கேக்கும்?"

"நிறுத்துங்க. எந்த வால்வுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"சந்தேகப்பட்ட ஆளுங்களை ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பிப் பாக்கிற மாதிரிதான். யாரு போனதும் சத்தம் நிக்குதோ அவன்தான்."

"அட, எங்க தொழிலேதான்" என்றான் கொழுந்தன். "நாங்க மட்டும் ஆளை வெளிய அனுப்பாம நாங்களே உள்ள மாட்டிக்குவோம்."

கொழுந்தனின் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மெக்கானிக் முதல் வால்வைப் பிடுங்கினான். கரகர. இரண்டாவதைப் பிடுங்கினான். கரகர. கைக்குட்டையில் பொசுங்கல் வாசனை வந்தது. மூன்றாவது இறுக்கமாக இருந்தது. மெல்ல ஆட்டி ஆட்டி இழுத்தான். அது கையோடு வந்த கணத்தில் சின்ன ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது.

அந்த நிசப்தம் இரைச்சலைவிட மோசமாக இருந்தது. மூன்று பேரின் மூச்சும் தனித்தனியாகக் கேட்டது.

"இவன்தான்" என்று மெக்கானிக் பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்தான். "நேத்து கடையில வாங்கினது. இதை வாங்கப் போனதுக்குத்தான் திருட்டுப் பட்டம்."

புதியதை மூன்றாவது இடத்தில் பொருத்தினான். மற்ற இரண்டையும் திரும்ப வைத்தான். வால்யூமை முழுக்க ஏற்றிவிட்டு, பென்சிலால் இரண்டாவது வால்வைத் தட்டினான். மந்தமாக ஒரு 'டொக்'. முதல் வால்வைத் தட்டினான்.

டிங்ங்ங்.

கோயில் மணி தோற்றது. அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக மெக்கானிக்கின் பல் தெரிந்தது.

"தட்டுங்க, தட்டுங்க" என்றாள் அண்ணி.

மெக்கானிக் தட்டினான். சின்ன வயதில் தபேலா கற்றுக்கொண்டவன் போலிருக்கிறது. டிங், டிங், டிங்-டிங். டிங், டிங், டிங்-டிங். சீராக, அழகாக, கடிகாரம் மாதிரி. மூன்று பேரும் கதவையே பார்த்தார்கள்.

கதவு கதவாகவே இருந்தது.

தட்டிக்கொண்டே இருந்தான். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. கொழுந்தன் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டிருந்தான். அது அண்ணிக்குக் கதவைவிடக் கவலை தந்தது. முதலாளி வரும் நேரம் நெருங்கியிருக்க வேண்டும். அல்லது தாண்டியிருக்க வேண்டும். நேரம் பார்க்கப் போன் இல்லை.

"அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க போல" என்றான் மெக்கானிக். பென்சில் தளர்ந்தது. "என் பொண்டாட்டி வேற, வேலை முடிஞ்சு நேரா இங்க வர்றேன்னா. அவ காது படச் சொல்வானே, உன் புருஷன் ஓடிட்டான்னு."

அண்ணி கண்ணை மூடி யோசித்தாள். திறந்தபோது முகத்தில் ஒரு பேரம் படிந்த தெளிவு இருந்தது.

"தப்பு உங்க மேலதான் மெக்கானிக். நீங்க ரொம்ப நல்லா தட்டறீங்க."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"சுதி சுத்தமா பாடற அம்மா அவங்க. ஒழுங்கான தாளம் கேட்டா என்ன பண்ணுவாங்க? யாரோ துணைக்கு வாசிக்கிறாங்கன்னு கூடவே பாடுவாங்க. பென்சிலைத் தம்பிகிட்ட குடுங்க."

கொழுந்தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "அண்ணி, என் திறமைமேல உங்களுக்கு இவ்வளவு நம்பிக்கையா?"

"உன்னைக் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். நீ கை தட்டினதுல பக்கத்து வரிசை எந்திரிச்சுப் போச்சு. அதே மாதிரி தட்டு."

கொழுந்தன் தட்டினான். மூன்று தட்டு, ஒரு யோசனை, இரண்டு தட்டு, மூக்கைச் சொறிய ஓர் இடைவெளி, சம்பந்தமில்லாமல் ஐந்து தட்டு. முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொன்று. மெக்கானிக் காதைப் பொத்திக்கொண்டான். "போதும்பா, நானே கதவை உடைச்சிடறேன்!"

கதவு திறந்தது.

குளிர்ந்த காற்றோடு பாட்டு டீச்சர் உள்ளே வந்தாள். இடுப்பில் கை, மூக்கில் கோபம்.

"யாருய்யா அது தாளத்தைக் கொலை பண்றது?"

"கொலைன்னா எங்க டிபார்ட்மென்ட்தான் மேடம்" என்றான் கொழுந்தன், அவளைத் தாண்டிப் போய் நடைபாதையில் நின்று காற்றைக் குடித்தபடி.

"முதல்ல ஒருத்தர் எவ்வளவு லட்சணமா தட்டினாரு! ஒரு உருப்படி முழுசா பாடி முடிச்சேன். அப்புறம் இந்தக் கண்றாவி! அது போதாதுன்னு ஒவ்வொரு தட்டுக்கும் பின்னாடி இன்னொண்ணு வேற கூடவே ம்ம்ம்னு இழுக்குது..."

நன்றி சொல்ல வாயெடுத்த அண்ணி அப்படியே நின்றாள்.

"எது இழுக்குது?"

"எனக்கென்னம்மா தெரியும்? ஸ்பீக்கர் ஒரு தட்டு தட்டுதா, அது நின்ன பிறகும் மூலையில திரைக்குப் பின்னாடி கம்பி அதிர்ற மாதிரி ம்ம்ம்ங்குது. ஏதோ ஒயர் லூசா இருக்கும்."

"நேத்து இழுத்துச்சா?"

"நேத்துதான் ஸ்பீக்கரே வாயைத் திறக்கலையே."

அண்ணி பாட்டு அறைக்குள் ஏறக்குறைய ஓடினாள். சுவரைச் சுற்றிலும் எதிரொலியை அடக்கக் கனமான திரைகள் தொங்கின. மூலைத் திரையை விலக்கினாள். சுவரோரம் நிமிர்ந்து, ஸ்பீக்கர் அதிர்ந்தால் கூடவே அதிரும்படி ஆறு கம்பியும் இறுக்கமாக, முதலாளி வீட்டுக் கிடார் நின்றுகொண்டிருந்தது.

மெக்கானிக் அதைத் தொடக்கூடப் பயந்தான். "இந்த அறையை யாருமே தேடலையா?"

"யாரு தேடுவா? மத்தியானம் பூரா டீச்சர் உள்ள இருந்தாங்க. அதனால எல்லாரும் மத்த அறையைத் தேடினாங்க. அலமாரியில இருந்து எடுத்தவன் எங்கயோ ஒளிச்சு வச்சிருந்து, சாயங்காலம் டீச்சர் கிளம்பினதும், தேடற மாதிரியே வந்து இங்க வச்சிட்டான். முதலாளி எல்லாரையும் வெறுங்கையோட வெளிய அனுப்பிப் பூட்டினார். இன்னைக்கு எடுத்துட்டுப் போகலாம்னா காலைல இருந்து டீச்சர் எந்திரிக்கல." அண்ணி கிடாரை எடுத்து டீச்சரின் கையில் கொடுத்தாள். "வாங்கம்மா. எங்க எடுத்தோம்னு நீங்கதான் சாட்சி."

வரவேற்பறைப் படியில் ஏறும்போதே சவுண்டின் குரல் கேட்டது. வருத்தம் வழியும் குரல்.

"...நான் கண்ணால பாத்தேன் சார். பின்பக்கப் படி வழியா ஒரே ஓட்டம். அந்த மேடமும் பையனும் பின்னாடியே துரத்திக்கிட்டு..."

"இப்பவே போன் பண்றேன்" என்றது முதலாளியின் குரல்.

"அவரு ஓடமாட்டாரு சார்." இது ஒரு பெண் குரல். நடுங்கியது, ஆனால் விட்டுக் கொடுக்கவில்லை. "ஓடற ஆளா இருந்தா எங்கப்பாவைப் பாத்த அன்னைக்கே ஓடியிருப்பாரு."

மெக்கானிக் கடைசி இரண்டு படியை ஒரே எட்டில் தாண்டினான்.

"நான் எங்கயும் ஓடல சார். கீழ, இவர் பூட்டின அறையிலதான் இருந்தேன்."

சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்திருந்தது. முதலாளி அவனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் வந்த அண்ணியைப் பார்த்தார். அதற்கும் பின்னால் குழந்தையை ஏந்துவது போல் கிடாரை ஏந்தி வந்த டீச்சரைப் பார்த்தார். போனை எடுத்த கை அப்படியே நின்றது.

சவுண்டு வாயைத் திறந்தான். வால்யூம் நிஜமாகவே பூஜ்யத்தில் இருந்தது.

"இவர் பின்னாடி துரத்திக்கிட்டு எங்களையும் வெளிய ஓட விட்டீங்களே" என்றான் கொழுந்தன் அவன் தோளில் நட்பாகக் கை போட்டு, வாசல் பக்கம் போகவிடாமல். "செருப்பைக்கூட மாட்ட விடல பாருங்க, அதோ உங்க வாசல்லயே கிடக்குது."

முதலாளி அதற்கப்புறம் போன் செய்தார். பேசியது வேறொருவனைப் பற்றி. வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் வந்தார். பெரிய மனிதர்களுக்கு மன்னிப்பு என்ற சொல் சட்டென்று வராது. அவர் அதைச் சுற்றி வளைத்து வந்தார்.

"அந்த ஆம்ப்... இன்னும் சத்தம் வருதாப்பா?"

"கரகரப்பு போச்சு சார். முதல் வால்வுதான் மணி அடிக்குது. அதையும் மாத்திட்டா சுத்தமாயிடும். அஞ்சு நிமிஷ வேலை, இப்பவே போய்..."

அவன் படிப் பக்கம் திரும்பினான். மனைவி அவன் முழங்கையைப் பிடித்தாள். சூடான வால்வைப் பிடுங்குகிற பிடி, கைக்குட்டை இல்லாமலே.

"நாளைக்கு மாத்திக்கலாம்" என்றாள். "கதவு திறந்திருக்கும்போதே வாங்க, வீட்டுக்குப் போலாம்."